அரை ஸ்பூன் சர்க்கரை, கால் மில்லி மருந்து

மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று. எடை 25 கிலோ. உடம்பில் ஓடும் ரத்தம் இரண்டு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. சாப்பிடுவதற்கு முன் சோதித்தால் 100 மில்லி ரத்தத்தில் 90, 100 மில்லிகிராம் குளுக்கோஸ் இருக்கும். பெருக்கிப் பாருங்கள். மொத்த ரத்தத்திலும் சேர்த்து இரண்டு கிராம்கூடத் தேறாது. காப்பிக்குச் சர்க்கரை போடும் ஸ்பூனில் அளந்தால் அரை ஸ்பூன். அந்த அரை ஸ்பூனை வைத்துக்கொண்டுதான் அந்தப் பிள்ளை பதினாறாம் வாய்ப்பாடு ஒப்பிக்கிறது, பக்கத்து பெஞ்சுக்காரனோடு ரப்பருக்குச் சண்டை போடுகிறது, இடைவேளையில் மைதானத்தை நாலு சுற்றுச் சுற்றி வருகிறது.

இதே பிள்ளை காலையில் மூன்று இட்லி சாப்பிட்டால் 30 கிராமுக்குக் குறையாத மாவுச்சத்து உள்ளே போகிறது. அரை ஸ்பூன் இருக்க வேண்டிய பாத்திரத்தில் ஏழெட்டு ஸ்பூனைக் கொட்டுகிறோம். பாத்திரம் வழிவதில்லை. பிறகு மதியம் வரை ஒன்றும் சாப்பிடாமல் ஓடியாடினாலும் பாத்திரம் காலியாவதும் இல்லை. முதன்முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எங்கோ புள்ளி தப்பாக வைத்துவிட்டேன் என்று நினைத்து இரண்டாம் முறையும் போட்டேன். கணக்கு சரிதான்.

இந்த வரவு செலவைப் பார்த்துக்கொள்ளும் கணக்குப்பிள்ளைகள் கணையத்துக்குள் சின்னச் சின்னத் திட்டுகளாக உட்கார்ந்திருக்கின்றன. 1869-ல் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற 21 வயது ஜெர்மானிய மருத்துவ மாணவர் நுண்ணோக்கியில் அந்தத் திட்டுகளைக் கண்டு, இவற்றின் வேலை என்னவென்று தெரியவில்லை என்று நேர்மையாக எழுதி வைத்தார். வேலை இதுதான்: அங்குள்ள பீட்டா செல்கள் ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் இன்சுலினைச் சுரந்து, ஈரலுக்கும் தசைக்கும் கொழுப்புக்கும் அதை அனுப்பிச் சேமிக்கச் சொல்கின்றன. பக்கத்திலேயே இருக்கும் ஆல்ஃபா செல்கள் சர்க்கரை இறங்கினால் குளுக்ககான் என்பதைச் சுரந்து, சேமித்ததை வெளியே எடுக்கச் சொல்கின்றன. கணையத்தின் எடையில் நூற்றில் ஒன்றோ இரண்டோ பங்குதான் இந்தத் திட்டுகள்.

முதல் வகை நீரிழிவு என்பது, நோய்க்கிருமியைக் கொல்ல வேண்டிய நம் சொந்தத் தற்காப்புப் படை ஆள் தெரியாமல் இந்த பீட்டா செல்களைக் கொன்றுவிடுவது. தாத்தாவுக்கு வந்த சுகர் வேறு, பேத்திக்கு வந்த சுகர் வேறு. தாத்தாவிடம் இன்சுலின் இருக்கிறது, உடம்பு அதன் பேச்சைச் சரியாகக் கேட்பதில்லை. பேத்தியிடம் இன்சுலினே இல்லை. "ரொம்ப மிட்டாய் தின்னுச்சோ?" என்று அந்தத் தாயிடம் கேட்காத உறவினர் இருக்க மாட்டார். மிட்டாய்க்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. அந்தக் கேள்வி கேட்பவருக்கு ஒரு நொடி, தாய்க்கு ஒரு வருடத்துத் தூக்கம். பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பின் 2021-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இந்தியாவில் 20 வயதுக்குக் கீழே முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள் ஏறக்குறைய 2.3 லட்சம். வேறெந்த நாட்டிலும் இத்தனை பேர் இல்லை.

நூறு வருடத்துக்கும் சற்று முன்பு வரை இது பள்ளிக்கூடத்துப் பிரச்சினையாக இருக்கவில்லை. காரணம் எளிது, கொடியது. அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் அளவுக்கு உயிரோடு இருக்கவில்லை. சோற்றைக் குறைத்துக் குறைத்து, பட்டினியால் சில மாதங்களைக் கடன் வாங்குவதுதான் அன்றைய வைத்தியம். 1922 ஜனவரி 11 அன்று டொரண்டோ பொது மருத்துவமனையில் லியோனார்ட் தாம்ப்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்த பழுப்பு நிறச் சாறு ஊசியில் ஏற்றப்பட்டது. அவன் எடை அப்போது 30 கிலோகூட இல்லை. அந்தச் சாற்றில் அழுக்கு அதிகம். சர்க்கரை கொஞ்சம் இறங்கியது, ஊசி போட்ட இடம் கட்டியாக வீங்கியது. ஊசியை நிறுத்தினார்கள். ஜேம்ஸ் காலிப் என்ற வேதியியலாளர் இரவும் பகலும் உட்கார்ந்து அதைச் சுத்தம் செய்தார். ஜனவரி 23-ல் போட்ட ஊசி பலித்தது. பையன் அதற்குப் பிறகு 13 வருடம் வாழ்ந்தான். இந்த ஆய்வை முன்னின்று நடத்திய பேன்டிங்குக்கும் ஆய்வகத் தலைவர் மக்ளியாடுக்கும் அடுத்த ஆண்டே நோபல் கிடைத்தது. பேன்டிங் தன் பங்கில் பாதியை உடன் உழைத்த சார்லஸ் பெஸ்ட்டுக்கும், மக்ளியாட் தன் பங்கில் பாதியைக் காலிப்புக்கும் கொடுத்தார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த பிள்ளை எழுந்து பள்ளிக்கூடம் போனது. சிக்கல் அங்கே தொடங்கியது.

உடம்பு தானே சுரக்கும் இன்சுலின் தேவை தீர்ந்ததும் நின்றுவிடும். ஊசியில் போன இன்சுலினைத் திரும்பக் கூப்பிட முடியாது. காலை ஏழரை மணிக்குப் போட்ட ஊசி, அன்றைக்கு என்ன நடக்கப்போகிறது என்று தெரியாமல் போட்ட ஊசி. இத்தனை மணிக்கு இத்தனை இட்லி, இத்தனை மணிக்குச் சோறு, நடுவில் இவ்வளவு ஓட்டம் என்று ஒரு ஊகத்தின் மேல் போட்டது. பள்ளிக்கூடமோ ஊகங்களைக் கலைப்பதற்கென்றே கட்டப்பட்ட இடம். மூன்றாம் பீரியடு கணக்கு வாத்தியார் வரவில்லை என்றால் பி.டி. பீரியடாக மாறும். ஆண்டு விழாவுக்கு வந்த சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்தால் சாப்பாட்டு மணி முக்கால் மணி நேரம் தள்ளிப்போகும். வகுப்பறையில் இருக்கும் மற்ற நாற்பது பேருக்கு அது பசி. இந்த ஒரு பிள்ளைக்கு அது வேறு.

பி.டி. பீரியடைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே ஓர் அழகான தந்திரம் நடக்கிறது. ஓடாமல் இருக்கும்போது தசைக்குச் சர்க்கரை வேண்டுமென்றால் இன்சுலின் வந்து கதவைத் திறக்க வேண்டும். ஓடும்போது தசை சுருங்கும் வேகத்திலேயே கதவு திறந்துகொள்கிறது. இன்சுலினைக் கேட்பதே இல்லை. மற்ற பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் கணையம் இன்சுலினைக் குறைத்துக்கொள்ளும். ஊசி போட்ட பிள்ளைக்குக் குறைக்க வழியில்லை. ஊசி மருந்து ஒரு கதவையும் ஓட்டம் இன்னொரு கதவையும் திறந்துவைக்க, அரை ஸ்பூன் சர்க்கரை இரண்டு வழியாகவும் வெளியேறுகிறது. அதோடு முடிவதில்லை. காலியான தசை அன்றிரவு வரை சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும். மாலையில் கபடிப் போட்டி நடந்த நாளில் நள்ளிரவில் சர்க்கரை இறங்கி 'லோ' ஆவது இதனால்தான். அதற்காக இந்தப் பிள்ளைகளை மர நிழலில் உட்கார வைப்பதும் தவறு. விளையாட்டு அவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் தேவை. முன்னாலே ஒரு வாழைப்பழம், பையில் குளுக்கோஸ், பார்த்துக்கொள்ள ஒரு கண் இருந்தால் போதும். பாகிஸ்தான் கிரிக்கெட் அணியின் வாசிம் அக்ரம் முப்பது வயதளவில் நீரிழிவு வந்து, இன்சுலின் போட்டுக்கொண்டே பந்து வீசியவர்.

சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கியதும் உடம்பு மணி அடிக்கிறது. மணியின் பெயர் அட்ரினலின். கை நடுங்குவது, குப்பென்று வியர்ப்பது, நெஞ்சு படபடப்பது, முகம் வெளிறுவது எல்லாமே அந்த அட்ரினலினின் வேலை. சர்க்கரைக் குறைவு நேரடியாகச் செய்வது அல்ல. ஈரலில் இருக்கும் இருப்பை எடுத்துவிடு என்று அந்த மணி ஓலமிடுகிறது. மணிச் சத்தம் யார் காதிலும் விழாவிட்டால் அடுத்து மூளை பட்டினி கிடக்கத் தொடங்கும். உடம்பு எடையில் ஐம்பதில் ஒரு பங்கே உள்ள பெரியவர்களின் மூளை உடம்பின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. வளரும் பிள்ளையின் மூளை அதையும் மிஞ்சும். அது தடுமாறும்போது கையெழுத்து கோட்டை விட்டு இறங்கும். கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் வரும். எப்போதும் அமைதியாக இருக்கும் பிள்ளை திடீரென்று எரிந்து விழும், அல்லது மேசையில் தலை கவிழ்ந்து தூங்கும். நம் வகுப்பறைகளில் இந்த நாலுக்கும் தண்டனை உண்டு. திமிர் என்றும் சோம்பல் என்றும் பெயர் வைத்து, வெளியே போய் நில் என்று அனுப்புவோம். தனியாக வெளியே அனுப்புவதுதான் அந்த நிமிடத்தில் செய்யக்கூடாத முதல் காரியம்.

செய்ய வேண்டியது ஒரு நிமிட வேலை. பிள்ளையின் எடையைப் பொறுத்து 8 முதல் 15 கிராம் சர்க்கரை, அதாவது இரண்டு முதல் நாலு ஸ்பூன், தண்ணீரில் கரைத்தோ குளுக்கோஸ் பொடியாகவோ கொடுக்க வேண்டும். கால் மணி நேரம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். ஏறவில்லை என்றால் மறுபடி கொடுக்க வேண்டும். ரத்தத்தில் குறைந்தது சில சிட்டிகைதானே, ஏன் இத்தனை ஸ்பூன் என்று தோன்றும். ரத்தத்துக்குள் போன சர்க்கரை ரத்தத்திலேயே நிற்காது, உடம்பெங்கும் பரவும். ஊசி மருந்தும் இன்னும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறது. சாக்லேட், கேக், கடலை மிட்டாய் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. அவற்றிலுள்ள கொழுப்பு சர்க்கரையை மெதுவாகத்தான் விடும். ரேஷன் கடைச் சர்க்கரை இந்த விஷயத்தில் வெளிநாட்டுச் சாக்லேட்டை வென்றுவிடும். பிள்ளை மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, குளுக்ககான் ஊசி இருந்தால் போட்டு, 108-ஐ அழைக்க வேண்டும்.

சர்க்கரை ஏறும் பக்கமும் ஒரு வரி. அடிக்கடி ஒன்றுக்குப் போகக் கேட்கிற, தண்ணீர் பாட்டிலைக் காலி செய்கிற பிள்ளையைத் தடுக்காதீர்கள். சிறுநீரகம் மிச்சச் சர்க்கரையை வெளியே கொட்டிக்கொண்டிருக்கிறது. நன்றாக இருந்த பிள்ளை சில வாரங்களில் மெலிந்து, இப்படித் தண்ணீராகக் குடித்தால், நோய் இன்னும் கண்டுபிடிக்கப்படாத பிள்ளையாக இருக்கலாம். அதை முதலில் கவனிக்கக்கூடியவர் வகுப்பாசிரியர். வாந்தியும், பழம் கனிந்தாற்போல் மூச்சில் ஒரு வாசனையும் சேர்ந்தால் நேரே ஆஸ்பத்திரிதான்.

அட்ரினலின் என்று சொன்னேன் அல்லவா? அதை இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொண்டு போகலாம். அதே வகுப்பில் வேறொரு பெஞ்சில் வேறொரு பிள்ளை. அதற்கு வேர்க்கடலையோ முந்திரியோ முட்டையோ இறாலோ பாலோ ஆகாது. லோ சுகரில் உடம்பு தானே சுரந்து எச்சரிக்கும் இந்தச் சரக்கு, அந்தப் பிள்ளைக்கு வெளியிலிருந்து ஊசியில் போக வேண்டிய மருந்து. ஒரே பொருள், அங்கே எச்சரிக்கை மணி, இங்கே தீயணைப்பு வண்டி.

1901-ல் ஜப்பானியரான ஜோகிச்சி தகாமினே, சிறுநீரகத்தின் மேல் குல்லாய்போல் உட்கார்ந்திருக்கும் சுரப்பியிலிருந்து அட்ரினலினைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்ததை வெளியிட்டார். அதே 1901-ன் கோடையில் மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் ஆராய்ச்சிக் கப்பலில் ஷார்ல் ரிஷே, பால் போர்ட்டியர் என்ற இரண்டு பிரெஞ்சு உடலியலாளர்கள் அட்லாண்டிக்கில் போய்க்கொண்டிருந்தார்கள். நம் கடற்கரைகளிலும் நீலக் குமிழாக ஒதுங்குமே, தொட்டால் சாட்டையடிபோல் எரியும் உயிரி, அதன் விஷத்தை ஆராயச் சொன்னவர் இளவரசரேதான். பாரிஸுக்குத் திரும்பியதும் அதற்குப் பதிலாகக் கடல் சாமந்தியின் விஷத்தை எடுத்து நாய்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்திப் பார்த்தார்கள். பாம்புக்கடி மருந்தும் அம்மைத் தடுப்பும் தந்த நம்பிக்கை அது. சிறு அளவு கொடுத்துப் பழக்கினால் உடம்பு தாங்கும் என்று எதிர்பார்த்தார்கள். நெப்டியூன் என்ற திடமான நாய் முதல் ஊசியைச் சட்டை செய்யவில்லை. மூன்று வாரம் கழித்து அதே சிறிய அளவைக் கொடுத்தபோது சில நொடிகளில் மூச்சு திணறி, அரை மணி நேரத்துக்குள் செத்துப்போனது. காக்க வேண்டிய பழக்கம் கொன்றுவிட்டது. காப்புக்கு எதிரானது என்ற பொருளில் ரிஷே அதற்கு 'அனாஃபிலாக்சிஸ்' என்று பெயர் வைத்தார். 1913-ல் நோபல் பெற்றார். நஞ்சின் இந்த முகமும் அதற்கான மருந்தும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் மனிதன் கைக்கு வந்தன. இரண்டையும் சேர்த்துப் பார்க்கப் பிறகு பல வருடம் ஆயிற்று.

"போன வாரம்கூடத் தின்னானே, ஒண்ணும் ஆகலியே" என்ற வாதம் ஏன் செல்லாது என்பதற்கு அந்த நாய் சாட்சி. முதல் சந்திப்பில் உடம்பு பார்த்து வைத்துக்கொள்கிறது. ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைச் செய்து, தோலிலும் மூச்சுக்குழலிலும் குடலிலும் காவலிருக்கும் மாஸ்ட் செல்களின் மேல் கொக்கிபோல் மாட்டி வைக்கிறது. இப்படி ஏதோ ஒன்று ரத்தத்தில் இருக்கிறது என்பதை 1921-ல் கார்ல் ப்ராஸ்நிட்ஸ் விசித்திரமாக நிரூபித்தார். மீன் ஆகாத சக மருத்துவர் ஹைன்ஸ் கூஸ்ட்னரின் ரத்த நீரைத் தன் தோலுக்குள் செலுத்திக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றை ஏற்றியபோது, மீனைச் சுகமாகச் சாப்பிடும் தன் உடம்பு அந்த ஓர் இடத்தில் மட்டும் தடித்தது. அந்த 'ஏதோ ஒன்றை' ஐஜிஇ என்று அடையாளம் காண 1966 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கண்டவர்கள் இஷிசாக்கா தம்பதியர்.

அடுத்த சந்திப்பில் அந்தக் கொக்கிகளில் கடலைப் புரதம் வந்து மாட்டினால், மாஸ்ட் செல்கள் தங்கள் மடியிலிருந்த ஹிஸ்டமினையும் மற்றவற்றையும் ஒரே நேரத்தில் கொட்டுகின்றன. ரத்தக் குழாய்கள் தளர்ந்து கசியும், ரத்த அழுத்தம் விழும். தோல் தடிக்கும், உதடு வீங்கும். மூச்சுக்குழல் இறுகும். குடல் பிசைந்து வாந்தி வரும். இதில் ஏமாற்றும் சங்கதி ஒன்று: சிலருக்குத் தோலில் ஒரு தடிப்பும் இராது. குரல் கம்முவது, தொண்டையைச் செருமிக்கொண்டே இருப்பது, திடீரென்று துவண்டு விழுவது, இவைதான் அடையாளம். பாதிக்கப்பட்ட பிள்ளை பல நேரம் யாரிடமும் சொல்லாமல் கழிவறைக்குப் போய்விடும். அங்கே போக விடாதீர்கள்.

அட்ரினலின் இதில் ஒவ்வொன்றையும் திருப்பிப் போடுகிறது. தளர்ந்த குழாய்களை இறுக்குகிறது, இறுகிய மூச்சுக்குழலைத் தளர்த்துகிறது, இதயத்தைத் தட்டி எழுப்புகிறது, மாஸ்ட் செல்கள் மேலும் கொட்டாமல் தடுக்கிறது. வீட்டில் வைத்திருக்கும் அலர்ஜி மாத்திரை கொட்டிய ஹிஸ்டமினோடு மட்டும் மல்லுக்கட்டும், அதுவும் மெதுவாக. அரிப்புக்கு அது சரி. மூச்சுக்கு அது மருந்தே அல்ல. அட்ரினலினின் அளவு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். நம் 25 கிலோ பிள்ளைக்கு, ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம் இருக்கும் ஆம்பூலிலிருந்து கால் மில்லி. தொடையின் வெளிப்பக்க நடுவில், தசைக்குள். போட்ட பிறகு படுக்க வைத்துக் காலைத் தூக்கி வைக்க வேண்டும். மூச்சு திணறினால் சாய்ந்து உட்காரலாம். எழுந்து நிற்கவோ நடக்கவோ விடக் கூடாது. காலில் தேங்கிய ரத்தம் இதயத்துக்குத் திரும்பாமல், திடீரென்று நிமிர்த்திய அந்தக் கணத்திலேயே இறந்தவர்கள் உண்டு. ஐந்து நிமிடத்தில் தேறவில்லை என்றால் இரண்டாவது ஊசி. தேறினாலும் ஆஸ்பத்திரி, ஏனென்றால் சில மணி நேரம் கழித்து இரண்டாம் அலை வரலாம்.

எத்தனை நேரம் இருக்கிறது? இங்கிலாந்தில் ரிச்சர்ட் பம்ஃப்ரி என்ற மருத்துவர் இப்படி இறந்தவர்களின் பதிவுகளை எல்லாம் சேகரித்து 2000-ல் வெளியிட்டார். உணவால் என்றால் இதயம் நிற்க நடு அளவாக 30 நிமிடம். தேனீ, குளவி என்றால் 15 நிமிடம். தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கப் பள்ளிக்கூடங்களில் மரத்திலும் கட்டட மூலையிலும் கூடு கட்டும் கதண்டையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸ் எவ்வளவு வேகமாக வந்தாலும், முதல் ஊசி ஆம்புலன்ஸில் வரக் காத்திருக்கும் மருந்தாக இருக்க முடியாது.

இன்சுலின் பிறந்த அதே கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் இதைக் கசப்பாகக் கற்றுக்கொண்டது. 2003-ல் அங்கே 13 வயது மாணவி ஒருத்தி பள்ளி உணவகத்தில் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கிச் சாப்பிட்டாள். அவளுக்குப் பால் பொருள் ஆகாது. வறுவலில் பால் இல்லை, ஆனால் எடுத்துப் போட்ட இடுக்கி வேறொரு தட்டின் பாலாடைக்கட்டியைத் தொட்டிருக்கலாம் என்று பிறகு கணித்தார்கள். அவள் பிழைக்கவில்லை. அந்த மாகாணச் சட்டமன்றம் அவள் பெயரால் நிறைவேற்றிய சப்ரினா சட்டம் 2006 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஒவ்வொரு பள்ளியிலும் திட்டம் இருக்க வேண்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் குறிப்பு இருக்க வேண்டும், ஊழியர்களுக்குப் பயிற்சி வேண்டும். ஆபத்து நேரத்தில் நல்லெண்ணத்தோடு ஊசி போட்ட ஆசிரியர் மேல் வழக்குப் போட முடியாது என்பதும் அதில் உண்டு. சட்டத்தின் உயிர் கடைசியாகச் சொன்ன அந்த வரியில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தயங்கும் கையை எழுப்புவது அதுதான். 2018-ல் இதே முறையை நீரிழிவு, ஆஸ்துமா, வலிப்பு நோய்க்கும் நீட்டினார்கள். டொரண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளும் இந்தக் குடைக்குக் கீழே இருக்கிறார்கள். இங்கிலாந்தில் 2017 அக்டோபர் முதல், எந்தப் பிள்ளையின் பெயருக்கும் அல்லாத உபரி ஊசியைப் பள்ளிகளே வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

கடலையையே பள்ளிக்குள் விடாவிட்டால் தீர்ந்தது என்று தோன்றும். 2021-ல் வெளியான பன்னாட்டு வழிகாட்டல் ஒன்று கிடைத்த ஆய்வுகளை அலசிவிட்டு, பள்ளி முழுக்கத் தடை போடுவதைவிட ஊழியர் பயிற்சிக்கும், தனித் திட்டத்துக்கும், கையிருப்பு ஊசிக்குமே முன்னுரிமை தந்தது. தடை போட்ட இடத்தில் கவனம் தூங்கிவிடும். நாற்பது டிபன் பாக்ஸையும் யார் மோந்து பார்ப்பது? "உன் டப்பாவை நீயே சாப்பிடு, பகிராதே" என்று நம் பிள்ளைகளிடம் சொல்வதும் கடினம். பகிர்ந்து சாப்பிடு என்று சொல்லித்தானே வளர்க்கிறோம். இந்த இரண்டு பெஞ்சுகளுக்கும் நடுவில் ஒரு சங்கடமும் உண்டு. லோ ஆன தோழிக்கு ஓடி வந்து ஒருவன் நீட்டும் கடலை மிட்டாய், அவளுக்கும் உதவாது, நீட்டியவன் கை பட்ட மேசையில் உட்காரும் இன்னொருவனுக்கும் ஆகாது.

நம் பக்கம் என்ன நிலைமை? சி.பி.எஸ்.இ. 2017 முதல், முதல் வகை நீரிழிவுள்ள மாணவர்கள் பொதுத்தேர்வு அறைக்குள் குளுக்கோஸ் மாத்திரை, பழம், சிற்றுண்டி, தண்ணீர் கொண்டுபோக அனுமதிக்கிறது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல், வகுப்பறையில் ரத்தச் சர்க்கரை பார்க்கவும், இன்சுலின் போடவும், நடுவில் சாப்பிடவும் இந்தப் பிள்ளைகளை விட வேண்டும் என்று மாநிலங்களுக்கு எழுதியது. நல்ல கடிதங்கள். தலைமையாசிரியர் மேசையிலிருந்து பி.டி. வாத்தியார் காதுக்கு அவை போய்ச் சேர்கின்றனவா என்பதே கேள்வி. கழிவறையில் ஒளிந்து ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள், பெண் பிள்ளைகள் அதிகமாக. கல்யாணத்துக்குத் தடையாகும் என்று வீட்டில் சொல்லி அனுப்புவதுதான் காரணம். மறைக்கச் சொன்ன நோயைப் பக்கத்து பெஞ்சால் காப்பாற்ற முடியாது.

பொருளிலும் சில உள்ளூர்ச் சிக்கல்கள் இருக்கின்றன. இங்கே குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் வருவது 100 யூனிட். ஊசிக்குழலிலும் 40-க்கு சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. மாற்றி எடுத்தால் அளவு இரண்டரை மடங்கு தப்பும். உதவ வந்தவர் அவசரத்தில் மூடியின் நிறம் பார்க்காவிட்டால் உதவியே ஆபத்தாகிவிடும். மே மாத வெயிலில் பைக்குள் கிடக்கும் இன்சுலின் வீரியம் இழக்கும். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டிலும் பள்ளியிலும் ஈர மணலில் வைத்த மண்பானை உண்மையிலேயே உதவுகிறது. தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது, பானைத் தண்ணீர் குளிர்வது போலவே. ஃப்ரீசரில் மட்டும் வைத்துவிடக் கூடாது. உறைந்த இன்சுலின் வெறும் தண்ணீர்.

அட்ரினலின் கதை இன்னும் வினோதம். ஆம்பூல் மலிவு, மிக மலிவு. ஆனால் பேனாபோல் தொடையில் அழுத்தினால் தானே பாயும் ஊசி இங்கே எளிதில் கிடைப்பதில்லை. போர்க்களத்தில் நரம்பு வாயுவுக்கு எதிராகப் படைவீரர் தனக்குத் தானே குத்திக்கொள்ள உருவான கருவியின் வாரிசு அது. அமெரிக்காவில் 1987 முதல் விற்கிறது. அது ஏன் முக்கியம் என்பதைக் கனடாவில் செய்து 2001-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு காட்டியது. ஆம்பூலை உடைத்து, ஊசியில் ஏற்றி, சரியான அளவு எடுக்கச் சொன்னபோது பெற்றோருக்குச் சராசரியாக இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனது, எடுத்த அளவும் ஆளுக்கு ஆள் தாறுமாறாக இருந்தது. அதுவும் எதிரில் பிள்ளை மூச்சு திணறாமல் இருந்தபோது. ஆகவே அந்தப் பேனா ஊசி கைக்கு வரும் வரை, இந்தப் பிள்ளைக்கு இவ்வளவு என்று மருத்துவர் எழுதித் தந்த தாளும், இரண்டு முறையாவது கையில் பழகிய ஓர் ஆளும் பள்ளியில் இருந்தாக வேண்டும். மூக்கில் அடிக்கும் குளுக்ககான் 2019-லும், மூக்கில் அடிக்கும் அட்ரினலின் 2024-லும் அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டன. ஊசியைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்ளும் ஆசிரியருக்கு இவை வரம். நம் ஊர் மருந்துக் கடைக்கு எப்போது வரும் என்று பார்ப்போம்.

கையில் ஒரு காசு அளவில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் இன்னொரு புதுமை. தோலுக்குக் கீழே செல்களுக்கு நடுவில் கசியும் நீரில் சர்க்கரையைச் சில நிமிடங்களுக்கு ஒரு முறை அளந்து போனுக்குச் சொல்லும். ரத்தத்தைவிடச் சில நிமிடம் பின்தங்கித்தான் சொல்லும், ஓடும்போது இன்னும் பின்தங்கும். ஆனாலும் அம்மா அலுவலகத்தில் இருந்தபடி மகளின் சர்க்கரையைப் பார்க்க முடிகிறது. பள்ளிக்கூடத்திலோ போன் கூடாது. விதி சரியான விதிதான். அந்த ஒரு போன் மட்டும் போன் அல்ல, வெளியே வைத்திருக்கும் கணையத்தின் ஒரு துண்டு என்பதை விதி போட்டவருக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு இந்தக் கணக்கு புதிதே அல்ல. சத்துணவில் யார் முட்டை சாப்பிட மாட்டார்கள், எத்தனை பேருக்கு வாழைப்பழம் என்று அமைப்பாளர் அக்காவுக்குத் தினமும் தெரியும். தாளில் எழுதாவிட்டாலும் முகம் தெரியும். ஜூனில் பள்ளி திறக்கும் வாரத்தில், வகுப்பாசிரியர்களே, அந்தக் கணக்கில் இன்னும் இரண்டு கட்டம் போடுங்கள்: ஊசி போடும் பிள்ளை யார், எதைத் தின்றால் ஆகாத பிள்ளை யார். பக்கத்தில் உட்காரும் தோழன் பெயரையும் எழுதுங்கள். உங்களுக்கு முன்னால் பார்க்கப்போவது அவன்தான். மேசை இழுப்பறையில் சாக்பீஸ் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு பொட்டலம் சர்க்கரை இருக்கட்டும். எறும்பு வராமல் மூடி வையுங்கள்.